"ஒண்ணும் பண்ணாதும்மா!"

கேள்வி: ஊருக்குப் போகிறவர்களின் நாய், பூனைகளை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்கிறேன். சத்துவாச்சாரியில் ஒரு வீட்டில் "ஒண்ணும் பண்ணாதும்மா" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நேற்று சோற்றுத் தட்டை நகர்த்தினேன், நாய் கையைப் பதம் பார்த்துவிட்டது. கேட்டால் நான்தான் சீண்டினேனாம். பாதிப் பணமும் பாக்கி.
- வாசகி, காட்பாடி

பதில்: பணம் அப்புறம், முதலில் கை. வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டீர்களா? கடித்ததுமே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவியிருக்க வேண்டும். இல்லையென்றால் இப்போதாவது கழுவுங்கள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாமல் இன்றே அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம்தான். தோலில் போடும் முறையென்றால், முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து, 0, 3, 7, 28ஆம் நாட்கள், நடுவில் விட்டுவிடாதீர்கள்.

தின்கிற நாயின் தட்டில் கை வைத்தது தப்புதான், ஆனால் அதற்கு அந்தக் குணம் இருப்பது வீட்டுக்காரருக்குத் தெரியாமலா இருக்கும்? இனி சாவி வாங்குமுன் ஒரு சாயங்காலம் போய் அவர்கள் எதிரிலேயே சோறு வைக்கச் சொல்லிப் பாருங்கள், தடுப்பூசி அட்டையைப் படம் எடுங்கள், கடித்தால் செலவு யாருடையது என்று வாட்ஸாப்பில் எழுதி "சரி" என்று பதில் வாங்குங்கள். பாக்கிக்கு, காயத்தின் படத்தையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் அனுப்பி, தேதி குறிப்பிட்டு மரியாதையாகக் கேளுங்கள். தராவிட்டால் சாவியைத் திருப்பிக் கொடுத்ததற்கு ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு, அந்தத் தெருப்பக்கமே போகாதீர்கள்.