காலம் காபி ஆத்துமா?

கேள்வி: எனக்கு 68 வயசு. அப்பா உயில் எழுதாம போயிட்டார். அவர் சம்பாதிச்சு கட்டின வீட்டுக்கு 1994-ல, 'பங்கு வேண்டாம்'னு எழுதிக்குடுக்கிற விடுதலைப் பத்திரத்துல என்கிட்ட கையெழுத்து வாங்கினப்போ, "கட்டிக்கொடுத்தப்பவே உன் கணக்கு முடிஞ்சுபோச்சு"ன்னு அண்ணன் ஒரு வார்த்தை சொல்லிட்டார். அன்னியிலேருந்து பேச்சுவார்த்தை இல்லை. இப்போ அவருக்கு 76. ராத்திரி தூக்கம் வராம பழசெல்லாம் ஞாபகம் வருது. காலம் எல்லாத்தையும் ஆத்தும்னு சொல்றாங்களே, எனக்கு ஏன் ஆறலை? நானே போய் பேசட்டுமா?
- வாசகி, திருச்சி

பதில்: அம்மா, அந்த 'ஆத்தும்'ல என்னை மாட்டிவிட்டுட்டீங்க. ஆறுறது தானா நடக்கும், ஆத்துறதுக்கு ஒரு ஆள் வேணும். ஸ்கூல்ல படிச்ச தன்வினை பிறவினைதான். காலம் காயத்தை ஆத்தும்னு என் போனுக்கு தினம் காலைல சூரியன் படத்தோட ஒரு மெசேஜ் வருது, அனுப்புறவரு ரிட்டயர்டு ஆளு, திட்டவும் முடியல. காலத்துக்கு கையே கிடையாது, அது எங்கேருந்து டம்ளரைத் தூக்கி டபராவுல ஊத்தப்போகுது?

காபின்னு எழுதினாலே எனக்கு பயம். போன வருஷம் இதே பக்கத்துல காபின்னு போட்டதுக்கு ஒரு தமிழய்யா மூணு பக்கம் லெட்டர் எழுதினார், 'குளம்பி'ன்னுதான் எழுதணுமாம். ஐயா, குளம்பின்னு கேட்டா எங்க தெரு கடைக்காரர் குதிரை வண்டிக்கு ஆள் சொல்லி அனுப்புவார்னு பதில் போட்டேன். சந்தாவை நிறுத்திட்டார். பரவால்ல. ஹைவேல பத்து கிலோமீட்டருக்கு ஒரு 'கும்பகோணம் டிகிரி காபி' போர்டு வெச்சிருக்காங்களே, அவங்கமேல இருக்கிற கோவத்துல கால்வாசிகூட இவர்மேல எனக்கு இல்ல. பளபளன்னு பித்தளை டபரா, உள்ள சிக்கரித் தண்ணி.

எங்கே விட்டேன்? ஆங், ஆறுறது. காபியை யாரும் ஆத்தாம முப்பது வருஷம் மூடி வெச்சா ஆறத்தான் செய்யும், ஆனா மேல ஆடை கட்டி ஆறி அவலாப் போன அதை யார் வாயில வெக்கிறது? உங்களுக்கு ஆகியிருக்கிறது அதுதான்.

வள்ளுவர்கிட்ட போனா அவர் கையை விரிச்சுடுவார். தீயினால் சுட்ட புண் உள்ளாறும், நாவினால் சுட்ட வடு ஆறாதுன்னுட்டார். ஆறிப்போறதால அது புண்ணு, ஆறாம கிடக்கிறதால இது வடுன்னு, குறளுக்கு உரை எழுதின பரிமேலழகர் வேற அதுக்கு முத்திரை குத்திட்டுப் போறார். நான் ஔவை கட்சி. ஆத்திசூடில ரெண்டாவது வரியே 'ஆறுவது சினம்'.

உங்க அண்ணன் சொன்ன கணக்கும் தப்புக் கணக்கு. உயில் இல்லாத அப்பாவோட சுயசம்பாத்தியத்துல பொண்ணுக்கும் சமபங்குன்னு 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துலயே இருக்கு. குடியிருக்கிற வீட்டை மட்டும், பசங்களாப் பாத்து பிரிக்காதவரைக்கும் பொண்ணு பிரிச்சுக் கேக்க முடியாதுன்னு ஒரு முட்டுக்கட்டை போட்டிருந்தாங்க, 2005-லதான் அதை எடுத்தாங்க. இத்தனையும் இருக்கிறப்ப எழுதி வாங்கிக்கிறதுக்குப் பேரு விடுதலைப் பத்திரம். யாருக்கு விடுதலைன்னு பேர் வெச்சவனைத்தான் கேக்கணும்.

ராத்திரி பழசு வருதேன்னு பயப்படாதீங்க. ராபர்ட் பட்லர்னு ஒரு அமெரிக்க மனநல டாக்டர் 1963-லயே எழுதியிருக்கார், வயசானவங்க பழசையே நினைக்கிறது புத்தி மழுங்கிப்போய் இல்ல, வாழ்ந்ததை எடுத்துவெச்சு சரிபாக்கிற வேலைன்னு. அது சிலபேரை சமாதானமாக்கும், சிலபேரை குமைய வெக்கும்னும் சொன்னார். ஞாபகம்கிறது பீரோவுல இருக்கிற பட்டுப்புடவை மாதிரி, ஒவ்வொரு தடவை பிரிச்சுப் பாத்துட்டு வெக்கிறப்பவும் மடிப்பு மாறிடும்.

எங்க அப்பாவும் சித்தப்பாவும் 19 வருஷம் பேசலை. கிணத்து மோட்டார் கரண்ட் பில்தான் காரணம்னு அப்பா. அக்கா கல்யாணப் பத்திரிகைல தன் பேரை கடைசில போட்டதாலதான்னு சித்தப்பா. ரெண்டும் இல்லைன்னு சிரிச்ச அம்மா, எதுன்னு கடைசிவரைக்கும் சொல்லவேயில்லை. அப்பாவுக்கு கை நடுக்கம் வந்த வருஷம், ஊர்ல ஒரு சாவுக்கு வந்த சித்தப்பா எங்க வீட்டுத் திண்ணைல வந்து உக்காந்துட்டார். அம்மா எதுவும் கேக்காம ரெண்டு டம்ளர் கொண்டுவந்து வெச்சா. அப்பா தன்னுதை எடுத்து ஆத்தப் பாத்தார், டம்ளர் டபராவுல கடகடன்னு அடிச்சுக்கிட்டு பாதி காபி வேட்டியில. சித்தப்பா எழுந்து அதை வாங்கினார், தன் டம்ளர்லேருந்து கொஞ்சம் விட்டார், நாலு தடவை தூக்கி ஆத்தி நுரையோட அப்பா கையில குடுத்தார். அப்பா ஒரு வாய் குடிச்சார். 19 வருஷம் கழிச்சு தம்பிகிட்ட அவர் பேசின முதல் வார்த்தை, "சிக்கரி ஜாஸ்தி."

மன்னிப்பெல்லாம் யாரும் கேக்கலை. மோட்டார் பில் விஷயத்துல கடைசிவரைக்கும் ரெண்டுபேருக்கும் ஒத்துவரவும் இல்லை.

போயிட்டு வாங்கம்மா. கணக்கு பேசணும்னு தோணினா பேசுங்க, நாக்கைக் கடிச்சுக்கிட்டு தியாகியாகணும்னு அவசியம் இல்ல, ஆனா அதுக்கு முன்னாடி அண்ணிகிட்ட சொல்லி நீங்களே அடுப்படில நுழைஞ்சு அவருக்கு ஒரு டம்ளர் போடுங்க. 76 வயசு, சர்க்கரை போடலாமான்னு கேட்டுக்குங்க. போறப்பவே பொடி கால் கிலோ வாங்கிட்டுப் போங்க. பாக்கெட் பின்னாடி சிக்கரி எத்தனை பர்சென்ட்னு பொடி எழுத்துல போட்டிருப்பான், கண்ணாடி போட்டுப் படிச்சுட்டு வாங்குங்க.