ஆசிட்டில் வேப்பெண்ணெய் விடலாமா?

கேள்வி: நங்கூரச் சங்கிலியின் துருவை எடுக்க, தண்ணீர் கலந்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் ஊறப்போடுகிறேன். இரும்பும் சேர்ந்து கரைகிறது. கொஞ்சம் வேப்பெண்ணெய் விட்டால் தடுக்கும் என்கிறார்களே?
– தொண்டி வாசகர்

பதில்: விஷயம் உண்மை, செய்முறைதான் தப்பு. எண்ணெயை அப்படியே விட்டால் மேலே மிதக்கும். அடியில் கிடக்கிற சங்கிலிக்கு அது வந்ததே தெரியாது. ஆய்வுக்கூடங்களில் வாசனை எண்ணெய்களையும் இலைச் சாறுகளையும் ஆசிட்டோடு கலந்துபோகும்படி செய்து சேர்க்கிறார்கள். அவற்றில் ஆக்சிஜன், நைட்ரஜன் உள்ள மூலக்கூறுகள் இரும்பின் மேல் ஒட்டி மெல்லிய போர்வையாகின்றன. ஆசிட் சூடேறினால் பெரும்பாலும் போர்வை விலகிவிடும்.

மண்டபம் ஊரில் ஒரு ஷாக்கிளை (சங்கிலியை மாட்டும் இரும்புக் கொக்கி வளையம்) நானே ராத்திரி முழுக்க ஆசிட்டில் மறந்துவிட்டேன். காலையில் துரு சுத்தமாகப் போயிருந்தது, திருகாணியின் மரையும்தான்! அப்புறம்தான் குமிழியைக் கவனிக்கப் பழகினேன். துரு கரையும்போது குமிழி வராது. நல்ல இரும்பு கரையும்போதுதான் ஹைட்ரஜன் கிளம்பும். பொடிப்பொடியாக நிறையக் கிளம்பினால் சங்கிலியை எடுத்து, சலவை சோடா கரைத்த தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். எண்ணெய் தடவுவது அதன் பிறகு. வேலை வெட்டவெளியில் நடக்கட்டும், பக்கத்தில் பீடி வேண்டாம். கால்வனைஸ் சங்கிலி என்றால் ஆசிட் பக்கமே கொண்டுபோகாதீர்கள். துத்தநாகப் பூச்சுதான் முதலில் போகும்.