பைத்தான் 3.10, 3.6-ஐவிடச் சின்னதா?

கேள்வி: காரைக்குடியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தைக் கவனித்துக்கொள்கிறேன். ஆத்தங்குடிக் கல் டிசைன்களை வரைய, ஒரு பழைய மென்பொருளை சோர்ஸிலிருந்து (மூல நிரலிலிருந்து) பில்ட் செய்வோம். உபுண்டு இயங்குதளத்தின் 20.04 பதிப்பு இருந்தவரை பிரச்சினை இல்லை. 22.04 போட்டதும், ‘பைத்தான் 3.6 அல்லது அதற்கு மேல் தேவை’ என்று, பில்டுக்கு வேண்டியவை கணினியில் உள்ளனவா என்று பார்க்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் நின்றுவிடுகிறது. கணினியில் பைத்தான் மொழியின் 3.10 பதிப்பு இருக்கிறதே! அதை எடுத்துவிட்டுப் பழைய பைத்தானைப் போடலாமா?

பதில்: தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பல அந்த 3.10-ஐ நம்பித்தான் ஓடுகின்றன. எடுத்தால் கணினியே படுத்துவிடும்.

உங்கள் கேள்வியிலேயே துப்பு இருக்கிறது. 20.04-இல் வருவது பைத்தான் 3.8, 22.04-இல் 3.10. ஸ்கிரிப்ட் பதிப்பு எண்ணை எண்ணாகப் பார்க்காமல், எழுத்து எழுத்தாக ஒப்பிடுகிறது என்றே நினைக்கிறேன். புள்ளிக்குப் பின்னால் வரும் முதல் எழுத்து 3.10-இல் 1, 3.6-இல் 6. ஆறைவிட 1 சின்னது, ஆகவே 3.10 சின்னது! டிசைன் படங்களுக்கு கல்6, கல்10 என்று பெயர் வைத்து டெர்மினலில் பட்டியல் எடுத்துப் பாருங்கள், கல்10 முன்னால் வந்து நிற்கும். அதே கதைதான்.

உறுதி செய்துகொள்ள, பில்ட் ஃபோல்டரில், ஸ்கிரிப்ட் செய்த சோதனைகளைக் குறித்து வைக்கும் கான்ஃபிக் லாக் கோப்பைத் திறந்து பைத்தான் என்று தேடுங்கள். பைத்தான்3-இன் பாதை கிடைத்து, அடுத்த சோதனையில் ‘இல்லை’ என்று இருந்தால் நான் சொன்னதுதான். பாதையே கிடைக்கவில்லை என்றால் சிக்கல் பெயரில். நம் பக்கத்து வீடுகளில் ஐயா பெயரைப் பேரனுக்கு வைப்போம். முகப்பில் நின்று கூப்பிட்டால் யார் வருவார் என்று தெரியாது. வெறும் ‘பைத்தான்’ என்ற பெயரும் அப்படித்தான். பல வருடம் அது பைத்தான் 2-ஐக் குறித்தது. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-இல் முடிந்தது. 20.04 முதல் அந்தப் பெயரில் கட்டளை தானாக வருவதும் இல்லை. அதனால் ஸ்கிரிப்ட் முதலில் பைத்தான்3 என்றே தேட வேண்டும்.

சரி, திருத்தம். கான்ஃபிகர் கோப்பில் கை வைக்காதீர்கள். அது வேறொன்றிலிருந்து உருவாவது, அடுத்த முறை உங்கள் திருத்தம் அழிந்துவிடும். மூலமான கான்ஃபிகர் ஏசி கோப்பில் அந்த ஒப்பீட்டு வரிகளை எடுத்துவிட்டு, பில்ட் கருவியான ஆட்டோமேக்கில் தயாராக இருக்கும் ‘ஏஎம் பாத் பைத்தான்’ என்ற மேக்ரோவுக்கு (தயார் நிரல் துண்டுக்கு) 3.6 என்று கொடுங்கள். அது பைத்தானையே ஓட்டிப் பதிப்பைக் கேட்டு, எண்ணாகவே ஒப்பிடும். மேக்ரோ வேண்டாம் என்றால், பைத்தானின் ‘சிஸ்’ மாட்யூலில் பதிப்பு எண்ணைத் தரும் வெர்ஷன் இன்ஃபோவை (3, 6) என்ற ஜோடியோடு ஒப்பிடும் ஒரு வரி பைத்தானே போதும்.

அப்புறம் கான்ஃபிகர் கோப்பைப் புதிதாக உருவாக்கும் ஆட்டோரீகான்ஃப் கட்டளையை ஓட்டி, பழைய சோதனை முடிவுகளைச் சேமித்த கான்ஃபிக் கேஷ் கோப்பு இருந்தால் அழித்துவிட்டு, கான்ஃபிகரை மறுபடி ஓட்டுங்கள். மாணவர்கள் வர்ச்சுவல் என்விரான்மென்ட் (தனிப் பைத்தான் சூழல்) திறந்து வைத்திருந்தால் வேறு பைத்தான் மாட்டிக்கொள்ளும். பைத்தான் என்ற மாறியில் முழுப் பாதையையும் கொடுத்து ஓட்டுவது நல்லது.

முடித்ததும் ஒரு முறை குறைந்தபட்சத்தை வேண்டுமென்றே 3.11 ஆக்கி ஓட்டிப் பாருங்கள். அது மறுத்து, 3.6-ஐ ஏற்றால், மற்றக் கணினிகளிலும் போட்டுவிடலாம்.