பாண்டிச்சேரிக் கவுதாரி

கேள்வி: புளியமரத்தின் சொந்த ஊர் ஆப்பிரிக்காவாமே? அப்படியானால் ‘டமரிண்டஸ் இண்டிகா’ (இண்டிகா என்றால் இந்தியாவைச் சேர்ந்தது) என்ற அறிவியல் பெயர் தப்புதானே, ஏன் மாற்றவில்லை?

பதில்: மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. ஊர் பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் ஒரு பெயரைத் தள்ளக்கூடாது என்பது செடிகொடிக்கும் விலங்குக்கும் உள்ள சர்வதேச விதி. அரபு வணிகர்களுக்குப் புளி இந்தியச் சரக்கு, 1753இல் சுவீடன் இயற்கை அறிஞர் லின்னேயஸ் இண்டிகா என்று எழுதினார், சரி, புளி விஷயம் அவ்வளவுதான்.

சொந்த ஊர் என்றதும் எனக்கு சொன்னேரா ஞாபகம் வந்துவிடுகிறது. பாண்டிச்சேரியில் இருந்த பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர். 1776இல் அவர் போட்ட நியூகினிப் பயணப் புத்தகத்தில் பெங்குவினையும் அந்த ஊர்ப் பறவையாக எழுதிவைத்தார். அதை நம்பித்தான் ஜென்டூ பெங்குவினுக்கு நியூகினியைக் குறிக்கும் ‘பப்புவா’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அண்டார்டிகா பக்கம் கூழாங்கல் பொறுக்கிக் கூடு கட்டுகிற பறவைக்கு! ஆனால் நம் பக்கத்தில் அவர் பார்த்து எழுதியது பிசகவில்லை. கவுதாரிக்கு 1789இல் ஜெர்மன் இயற்கை அறிஞர் கிமெலின் வைத்த ‘பாண்டிசெரியானஸ்’ சொன்னேராவின் குறிப்பிலிருந்து வந்ததுதான். அறிவியல் பெயரின் முதல் பாதியான பேரினப் பெயர் பிராங்கோலினஸாக இருந்து இப்போது ஆர்டிகார்னிஸ் ஆகிவிட்டது, ஊரே 2006இல் புதுச்சேரி ஆகிவிட்டது, பறவையின் பெயரில் மட்டும் பாண்டிச்சேரி அசையவில்லை. இரான் வரைக்கும் இருக்கிற பறவைதான், இருந்தாலும் அறிவியல் அதை முதலில் எந்தக் கரையில் கண்டது என்று அந்தப் பெயர் சொல்கிறது. செம்புறா ஒன்றும் சேற்றுநண்டு ஒன்றும் தரங்கம்பாடிப் பெயரைச் சுமக்கின்றன, வெண்புருவ வாலாட்டி மதராஸை. இதையெல்லாம் அழித்துவிட்டு எதைப் போடுவது?

என் கோபம் வேறு இடத்தில். கவுதாரியின் ஆங்கிலப் பெயரைப் பார்த்து ‘சாம்பல் பிராங்கோலின்’ என்று தமிழில் எழுதுகிறவர்களோடு எனக்கு நெடுநாள் சண்டை. கவுதாரி என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? தொண்டையைச் சுற்றிக் கறுப்புக் கயிறு கட்டினாற்போல மெல்லிய கோடு, விருட்டென்று எழும்பும்போது வாலோரத்தில் செம்பழுப்பு, விடியற்காலையில் முள்ளுக்காட்டிலிருந்து அந்தக் கூச்சல். கிராமத்தில் யாரும் லத்தீன் கேட்டுக்கொண்டு அதை அடையாளம் காண்பதில்லை. அப்புறம், அதை வலை போட்டுப் பிடிப்பதும் கறிக்கு விற்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சாலையோரத்தில் கட்டித் தொங்கவிட்டு யாராவது நீட்டினால் வாங்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.