டிரான்ஸ்ஃபார்மரில் சாகும் மயில்: எல்லையோரக் கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறை: தோப்போர டிரான்ஸ்ஃபார்மரில் மயில்கள் அடிபட்டுச் சாகின்றன. கேரளமா தமிழ்நாடா, யாரிடம் போவது?

கம்பம் எந்த மாநில மண்ணில் நிற்கிறதோ அந்த மாநிலத்து வனத்துறையும் மின்வாரியமும்தான். உங்களுக்கு இரண்டும் கேரளம். மயில், வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. 39ஆம் பிரிவின்படி அதன் உடலும் அரசுச் சொத்து. புதைக்காதீர்கள், இறகு பிடுங்காதீர்கள். தள்ளி நின்று, கம்பத்து எண் தெரியப் படம் எடுங்கள். கால்நடை மருத்துவர் உடற்கூறாய்வு செய்தால்தான் மின்சாரம் தாக்கியது ஏட்டில் ஏறும்.

ஒற்றைக் கம்பியில் உட்காரும் பறவை சாகாது. சிறகு விரிந்து அடுத்த கம்பியையோ, மண்ணோடு இணைந்த இரும்புச் சட்டத்தையோ தொட்டால்தான் சாவு. டிரான்ஸ்ஃபார்மரில் அந்த இடைவெளி குறுகல். ஜம்பர் கம்பிக்கு (லைனையும் டிரான்ஸ்ஃபார்மரையும் இணைக்கும் குட்டைக் கம்பி) உறையும், புஷ்ஷிங்குக்கு (கம்பி டிரான்ஸ்ஃபார்மருக்குள் நுழையும் இடத்துப் பீங்கான் காப்பு) மூடியும் போடச் சொல்லி மனுவில் கேளுங்கள். வெறுமனே "நடவடிக்கை எடுக்கவும்" என்றால் பதிலும் அப்படியே வரும். மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

கோபாலபுரம்: பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாமா?

முடியாது. அது விசாரிக்கும் சட்டங்களின் பட்டியலில் வனவுயிர்ச் சட்டம் இல்லை. வனவுயிர்ச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி அரசுக்கு 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் நீதிமன்றத்தில் புகார் தரலாம். அந்த 60 நாளைக் காட்டவும் ஒப்புகைதான் வேண்டும்.

ஆனைமலை: காட்டுப்பன்றி அழித்த நிலக்கடலைக்கு இழப்பீடு?

ரேஞ்சர் ஆபீஸ். உழுதுவிடும் முன் படம் எடுங்கள். ஒப்புகை.

உடுமலை: கரியமில வாயு குறையக் காற்றாலை வேண்டும், அதற்குக் கம்பி வேண்டும். நாலு பறவை போனால் பொறுக்கத்தான் வேண்டும்.

இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ராஜஸ்தான், குஜராத்தில் அழிந்துவரும் கானமயில் என்ற பெரிய பறவைக்காக (மயில் அல்ல) மின்கம்பிகளைப் புதைக்கச் சொன்ன 2021 உத்தரவை, உச்ச நீதிமன்றம் 2024இல் தளர்த்தியது உண்மை. ஆனால் பறவையைக் கைவிடச் சொல்லவில்லை. நிபுணர் குழுவை அமைத்தது. காலநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து காக்கப்படுவது அரசியல் சட்டத்தின் 14, 21ஆம் பிரிவுகள் தரும் உரிமை என்றும் சொன்னது. காடும் வனவுயிரும் காப்பது 48அ பிரிவு அரசுக்கு வைத்த கடமை. இரண்டும் ஒரே அரசின் வேலை. ஓட்டை வேறிடத்தில்: 2006 சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையில் காற்றாலைக்குச் சுற்றுச்சூழல் முன்அனுமதி தேவையில்லை. கம்பி எந்த வழியில் போகிறது என்று முதலில் பார்க்க ஆளில்லை.

உடுமலை: உறை போடும் செலவு எங்கள் கரண்ட் பில்லில்தானே விழும்?

கம்பம் நடும்போதே போட்டால் செலவு குறைவு. பிறகு லைனை நிறுத்தி ஆள் ஏற்றிச் செய்வதுதான் பில்லில் ஏறும்.

வாளையாறு: தீர்ப்பாயத்தில் போடலாமா?

கோபாலபுரத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். வனநிலத்தை வேறு வேலைக்கு எடுத்திருந்தால் மட்டும் சங்கதி வேறு: வனப் பாதுகாப்புச் சட்டம் தீர்ப்பாயத்தின் பட்டியலில் உண்டு. ஆறு மாதத்துக்குள் சென்னை அமர்வில் போடுங்கள்; இரு மாநிலத்துக்கும் அதுவே.