ராஜாவுக்கு எங்கே வழி? சதுரங்கப் புதிர்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் தரம் 4 படிக்கிறாள். ஒரு நகர்வில் மேட் (தாக்கப்பட்ட ராஜாவுக்குத் தப்ப வழியே இல்லாத நிலை) புதிர்களை டக் டக்கென்று செய்துவிடுகிறாள். இரண்டு நகர்வு என்றால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழும்பிப் போய்விடுகிறாள். விடாமல் இருத்தி வைத்துச் செய்விக்கவா?
*(வாசகி, வெள்ளவத்தை)*

பதில்: வேண்டாம் அக்கா, இருத்தி வைத்தால் செஸ்ஸே வெறுத்துவிடும். ஒரு நகர்வுப் புதிரில் செக் (ராஜா மீது தாக்குதல்) வைக்கக்கூடிய காய்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தாலே ஏதாவது ஒன்று மேட் ஆகிவிடும், அதனால் பிள்ளை உண்மையில் பார்க்கிறாளா, அதிர்ஷ்டத்தில் பிடிக்கிறாளா என்று நமக்குத் தெரிவதில்லை. அவள் சரியாகச் செய்த புதிர் ஒன்றைப் பலகையில் அடுக்குங்கள். ராஜாவைச் சுற்றியுள்ள கட்டங்களில் ஒவ்வொன்றாக விரலை வைத்து, “இங்கே ஏன் போக முடியாது?” என்று கேளுங்கள். நடுப்பலகையில் எட்டுக் கட்டம் இருக்கும், மூலையில் மூன்றுதான். எல்லாவற்றுக்கும் காரணம் சொன்னால் அடுத்த படிக்குத் தயார். தடுமாறினால் இன்னும் கொஞ்ச நாள் ஒரு நகர்வுப் புதிரிலேயே இருக்கட்டும், அவசரமே இல்லை.

தயார் என்றால் இதைக் கொடுங்கள். (கட்டத்தின் பெயரில் எழுத்து, வெள்ளையின் இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரையான நெடுவரிசை; எண், வெள்ளையின் பக்கத்திலிருந்து எண்ணும் கிடைவரிசை.) கறுப்பு ராஜா எச்8 இல், சிப்பாய்கள் ஜி7, எச்7 இல், கோட்டை ஏ8 இல். வெள்ளை ராஜா ஜி1 இல், ராணி சி4 இல், குதிரை எச்6 இல். வெள்ளையின் முறை, இரண்டு நகர்வில் மேட். பெரும்பாலான பிள்ளைகள் உடனே குதிரையை எஃப்7 இல் வைத்து செக் சொல்வார்கள். ராஜா ஜி8 க்கு நகர்ந்து தப்பிவிடும். இப்போதுதான் கேட்க வேண்டும்: தப்பிய வழி எது? ஜி8. அந்தக் கட்டத்தை யாராவது அடைத்துக்கொண்டு நின்றால்? கறுப்பின் சொந்தக் கோட்டையே நின்றால்? அப்படியானால் ராணியை ஜி8 இல் கொண்டுபோய்ப் போட வேண்டும். குதிரை அந்தக் கட்டத்தைக் காப்பதால் ராஜாவால் வெட்ட முடியாது, கோட்டைதான் வெட்டியாக வேண்டும், வெட்டியதும் குதிரை எஃப்7 க்கு வந்தால் தன் ஆட்களாலேயே அடைபட்ட ராஜாவுக்கு மேட். 1497 இல் ஸ்பெயினில் அச்சான, லூசெனா என்பவரின் சதுரங்கப் புத்தகத்திலேயே இந்த வித்தை இருக்கிறது. ராணியைச் சும்மா கொடுக்கப் பிள்ளைக்கு மனம் வராது, அந்தத் தயக்கம் உடைகிற நாளில் முகத்தைப் பாருங்கள்.

கேள்வி: இரண்டு நகர்வில் மேட் என்றால் கறுப்பின் நகர்வையும் சேர்த்தா எண்ண வேண்டும்?
*(வாசகர், கொட்டாஞ்சேனை)*

பதில்: இல்லை தம்பி. வெள்ளை, கறுப்பு, வெள்ளை மேட். நடுவில் கறுப்பு எதை ஆடினாலும் மேட் வர வேண்டும், நமக்கு வசதியான பதிலை மட்டும் பார்த்துவிட்டு விடை கிடைத்தது என்று நினைக்கக் கூடாது.

கேள்வி: பழைய சஞ்சிகைப் புதிர்களில் முதல் நகர்வு செக்காகவே இருப்பதில்லை. மணிக்கணக்காய் யோசித்தும் பிடிபடுவதில்லை. ஓய்வுபெற்ற எனக்கு இது தாங்குமா?
*(வாசகர், தெஹிவளை)*

பதில்: நன்றாகத் தாங்கும் ஐயா, உங்களிடம் நேரம் இருக்கிறது, இந்த வகைக்கு அதுதான் வேண்டும். உண்மையான ஆட்டத்தில் இருந்து எடுத்த புதிர் என்றால் முதலில் செக், வெட்டு என்று பார்ப்பது சரி. ஒருவர் உட்கார்ந்து இயற்றிய புதிரில் அந்தப் பழக்கம் நம்மை ஏமாற்றும், அங்கே முதல் நகர்வு பெரும்பாலும் அமைதியாகத்தான் இருக்கும்.

அமெரிக்கச் சதுரங்க வீரர் பால் மார்ஃபியின் பெயரில் வழங்கும் 19ஆம் நூற்றாண்டுப் புதிர் ஒன்றைச் சொல்கிறேன். வெள்ளை: ராஜா சி8, கோட்டை ஏ1, சிப்பாய் பி6. கறுப்பு: ராஜா ஏ8, பிஷப் பி8, சிப்பாய்கள் ஏ7, பி7. மொத்தம் ஏழே காய்கள். கோட்டையால் ஏ7 ஐ வெட்டினால் பிஷப் திருப்பி வெட்டும், மேட் வராது. விடை, கோட்டையை ஏ6 இல் வைப்பது! செக் இல்லை, பி7 சிப்பாய் அதை வெட்டலாம், பார்க்கப் பைத்தியக்காரத்தனம். ஆனால் கறுப்பு ஏதாவது ஆடியே ஆக வேண்டும். சிப்பாய் கோட்டையை வெட்டினால் பி7 காலி, நம் சிப்பாய் அங்கே ஏறி மேட். பிஷப் நகர்ந்தால் ஏ7 இன் காவல் போய்விடும், கோட்டை அதை வெட்டி மேட். ஏ7 சிப்பாயால் பி6 ஐ வெட்ட முடியாது, வெட்டினால் கோட்டைக்கு ராஜா திறந்துவிடும். கறுப்புக்கு ஒரு நகர்வைச் சும்மா விட அனுமதி இருந்தால் இந்தப் புதிரே இல்லை. ஆகவே இப்படியான புதிரில், “நான் எதுவும் செய்யாமல் கறுப்பு ஆடினால் எந்தக் கட்டம் கெடும்?” என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: லிசெஸ் என்ற சதுரங்க இணையத்தளத்தில் என் புதிர் ரேட்டிங் (திறமைப் புள்ளி) 2100, ஆட்ட ரேட்டிங் 1500 தான். ஆட்டத்தில் மேட் இருந்தும் கண்ணில் படுவதில்லை. உயர்தர மாணவன்.
*(வாசகர், பம்பலப்பிட்டி)*

பதில்: இரண்டும் வேறு வேறு கணக்குகள் தம்பி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு மனம் உடையாதீர்கள். புதிரில் “இங்கே ஒன்று இருக்கிறது” என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள், ஆட்டத்தில் யாரும் சொல்வதில்லை. அதனால் மேட் என்று பெயர் போட்ட தலைப்புகளைக் கொஞ்ச நாளுக்கு மூடிவிட்டு, கலந்து வருவதையே செய்யுங்கள்.

ஆனால் இலகுவான ஒரு நகர்வு, இரண்டு நகர்வு மேட்களை விட்டுவிடாதீர்கள். நெதர்லாந்து உளவியலாளர் அட்ரியான் டி க்ரூட் 1946 இல் வெளியிட்ட ஆய்வில், கிராண்ட்மாஸ்டர்கள் மற்ற நல்ல ஆட்டக்காரரைவிட அதிக ஆழம் கணக்கிட்டதாகக் காணவில்லை, சரியான நகர்வு அவர்கள் கண்ணில் சீக்கிரம் பட்டது, அவ்வளவுதான். அந்தக் கண் பழகிப் பழகித்தான் வரும், பஸ்ஸில் போகிற நேரத்தில் பத்து இலகுவான புதிர் போதும்.

ஆட்டத்தில் ஒவ்வொரு நகர்வுக்கும் முன் எதிராளியின் ராஜாவைப் பாருங்கள், எந்தெந்தக் கட்டம் மிச்சம் இருக்கிறது என்று. பிறகு உங்கள் ராஜாவையும். கோட்டை கட்டி (காஸ்லிங்: ராஜாவை ஓரப்பக்கம் நகர்த்தி, கோட்டைக் காயை அதன் மறுபக்கம் வைக்கும் ஒரே நகர்வு), முன்னால் மூன்று சிப்பாய்களும் அசையாமல் நின்று, பின்வரிசைக் காவலும் வேறு பக்கம் போயிருந்தால், எச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி வழி வைத்துவிட்டு அப்புறம் தாக்கப் போங்கள்.