படகை அடமானம் வைக்காதீர்கள் அண்ணே

மகளுக்கு நீட் இரண்டாவது தடவையும் கைகொடுக்கவில்லை, சொந்தக்காரர்கள் வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். என்கிறார்கள், பாம்பனில் நிற்கும் விசைப்படகை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனாலும் வைக்காதீர்கள். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகு கரையில்தான் கிடக்கும், வட்டி நிற்காது. அங்கே படித்து முடித்தாலும் இங்கே தகுதித் தேர்வில் தேறினால்தான் டாக்டர்.

உங்கள் மகளிடம் பேசினேன். டாக்டராக வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பத்தாவின் கன்னத்துக்குள் இருந்த வெள்ளைத் திட்டு எப்படிப் புற்றுநோயானது என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டாள். புகையிலை அடக்கி அடக்கி செல்லின் டி.என்.ஏ.வில் பழுது சேர்கிறது. பழுதான செல் பெருகாமல் தடுக்கும் பி53 புரதத்தின் மரபணுவும் கெட்டால், கேட்பாரில்லாமல் பெருகுகிறது. வருடக்கணக்கில் அப்படிப் பெருகி, மேல்தோல் செல்களுக்கு அடியில் இருக்கும் மெல்லிய அடிச்சவ்வைத் துளைத்து உள்ளே இறங்கும்போது அது புற்றுநோய். நான் சொல்லச் சொல்ல அவள் நோட்டில் படம் போட்டுக்கொண்டே வந்தாள்.

இந்தப் பிள்ளைக்கு பி.எஸ்சி. மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம்தான் பொருத்தம். 'ரத்தம் எடுக்கிற வேலை' என்று உங்கள் மச்சினர் சொன்னாராம். அவர் திசு ஆய்வகத்தைப் பார்த்ததில்லை. வெட்டியெடுத்த சதைத்துணுக்கு, அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் வரும். அதை மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் நாலு மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்துக்குச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விழாமல் ஸ்லைடில் ஏந்த வேண்டும். ஹெமடாக்சிலின் சாயம் உட்கருவை நீலமாக்கும். இயோசின் மற்றதை இளஞ்சிவப்பாக்கும். அப்புறம் மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், கெட்ட செல்லின் உட்கரு பெருத்து, கறுத்து, ஓரம் கோணலாகத் தெரியும். அவள் கேட்ட கேள்விக்கு விடை அங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. சீவியது தடித்தாலோ சாயம் பிசகினாலோ ஸ்லைடைப் பார்த்து நோயைச் சொல்லும் நோயியல் டாக்டரே தடுமாறுவார். கர்ப்பப்பைவாய்ப் பரிசோதனைக்கு எடுத்து ஸ்லைடில் பூசிய செல்களையும் காயவிடாமல் உடனே ஆல்கஹாலில் போட்டாக வேண்டும். பொறுமையும் கைச்சுத்தமும் உள்ளவர்களுக்கான வேலை இது.

ஒளிக்காமல் சொல்கிறேன்: முடிவு எழுதிக் கையெழுத்திடுவது நோயியல் டாக்டர்தான். ஆரம்பச் சம்பளமும் பெரிதாக இராது. ஆனால் கடனில்லாமல் படிக்கலாம்; எம்.எஸ்சி., ஆராய்ச்சி என்று மேலே போகவும் வழி உண்டு. மூன்றாவது முறை நீட் எழுத அவளே விரும்பினால் எழுதட்டும், மாமா சொன்னார் என்பதற்காக வேண்டாம்.

2022இல் தொடங்கிய ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் அனுமதி கேட்டு, நோயியல் ஆய்வகத்தை அவளுக்கு ஒருநாள் காட்டுங்கள். ப்ளஸ் டூ மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழை எடுத்து வையுங்கள். இந்தப் படிப்பும் அடங்கிய துணை மருத்துவப் படிப்புகளுக்கான அறிவிப்பு வந்ததும் அரசு இடத்துக்கு முதலில் விண்ணப்பியுங்கள்.